பீப்பாய்களை நிரப்பி வைத்தவருக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

இவர், என் கணவர், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மாடிப்படி ஏற இன்னும் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் காலையில் தானாக எழுந்து, ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் ஆப்பிள் தோப்பைப் பார்த்தபடி காபி குடிக்கிறார். அக்டோபரில் என்ன ஆனது, அதன் பிறகு வந்த வாரங்கள் எப்படிப் போயின என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் போனில் என்னோடு சேர்ந்து அழுதவர்கள். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பர்மிங்காமிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் சனி, ஞாயிறு தவறாமல் வந்து, மழையில் முழங்கால் போட்டு, ஈரப் புல்லுக்குள் கையை விட்டு ஆப்பிள் பொறுக்கிய அண்ணன்மார், அக்காமார், கல்லூரிப் பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் எங்கள் சமையலறையிலேயே சாம்பார் வைத்துப் போட்ட லதாக்கா என்று நாங்கள் கூப்பிடும் அக்கா. டிரெய்லர் கொடுத்த பக்கத்து ஊர்க்காரர். பிழிந்த சக்கையை உடனுக்குடன் தன் மாடுகளுக்கு அள்ளிக்கொண்டு போய், எங்கள் முற்றத்தைச் சுத்தமாக வைத்த விவசாயி. பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போன அம்மாக்கள். ராத்திரி ட்யூட்டியில் எனக்கும் சேர்த்து டீ போட்டுத் தந்த நர்ஸ்கள். ஊரிலிருந்து பணம் அனுப்பியவர்கள், அனுப்ப முடியாமல் கோயிலில் அர்ச்சனை செய்தவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் கட்டாயம் யாரையாவது விட்டுவிடுவேன். எல்லோரையும் நெஞ்சில் வைத்திருக்கிறோம்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள், அவரும் அதற்குத் திரும்பிப் பார்க்கிறார். நானும் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

அந்த நாட்களில் ஊரிலிருந்து பேசிய சிலர், "மனுஷன் பிழைத்தால் போதும், ஆப்பிள் போனால் போகட்டும்" என்றார்கள். அன்பினால் சொன்னது. ஆனால் எங்கள் ஆண்டு வருமானம் மொத்தமும் அந்த ஆப்பிளில்தான் இருந்தது. இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் இந்த ஹெரிஃபோர்ட்ஷயரில் செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் முடியும்வரை வேறு பேச்சே கிடையாது. கடையில் வாங்கித் தின்கிற ஆப்பிள் அல்ல இது. டாபினெட், யார்லிங்டன் மில், ஃபாக்ஸ்வெல்ப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு குணம். சிலதைக் கடித்தால் துவர்ப்பில் நாக்கு இழுத்துப் பிடிக்கும். சிலது புளிப்பில் பல்லைக் கூசவைக்கும். அந்தத் துவர்ப்பும் புளிப்பும்தான் சைடருக்கு, அதாவது ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்துச் செய்கிற மதுவுக்கு, உடம்பு. பழம் தானாக விழ வேண்டும், விழாததை நீண்ட கொக்கிக் கம்பால் உலுக்க வேண்டும். குவியலாகப் போட்டு மெத்தென்று ஆகும்வரை விட்டு, பிறகு அரைத்து, கூழைத் துணியில் மடித்து அடுக்கடுக்காக வைத்து அழுத்தினால் பழுப்பு நிறத்தில் சாறு இறங்கும். இவை எதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியாது.

பொறுக்கவும் அரைக்கவும் பிழியவும் நீங்கள் வந்தீர்கள். சாறு பீப்பாய்களுக்குள் போய்ச் சேர்ந்தது. அதோடு வேலை முடிந்தது என்றுதான் வந்தவர்கள் நினைத்திருப்பீர்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் அப்போது பயம் தொடங்கியிருக்கும்.

இந்தப் பக்கத்துப் பழைய முறையில் ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை. உறைமோர் ஊற்றாமலே பால் தோய்கிற மாதிரி, பழத்தோலிலும் பிழிகிற மரத்திலும் இருக்கிற உயிர்களே சாற்றை நொதிக்கவைக்கும். முதலில் பீப்பாயின் வாய் வழியே பழுப்பு நுரை பொங்கி வழியும். அப்படி வழிந்து மட்டம் இறங்கும், மரமும் கொஞ்சம் குடித்துக்கொள்ளும். இறங்கிய இடத்தைக் காற்று பிடித்துக்கொண்டால் சைடர் மெல்ல மெல்லக் காடியாகிவிடும். அதனால் யாராவது அடிக்கடி வந்து வாய்வரைக்கும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர் ஏற ஏற நொதிப்பு மெதுவாகி, டிசம்பர், ஜனவரி தாண்டியும் ஓடும். அத்தனை நாளும் கண் வைக்க வேண்டும். இவரை எங்கோ தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தார்கள். நானும் அங்கேயே கிடந்தேன். கொட்டகைக்குப் பூட்டு இல்லை, பார்க்க ஆளும் இல்லை. பீப்பாய்களை நான் மனதில் கைகழுவிவிட்டேன்.

வீடு திரும்பிய மறுநாள் காலை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கழுவலாம் என்று கொட்டகைக்குப் போனேன். காடி வாசனை அடிக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கதவைத் தள்ளினேன். அடித்தது ஆப்பிள் வாசனை. ஒவ்வொரு பீப்பாயும் வாய்வரை நிறைந்திருந்தது. மேலே மாட்டியிருந்த கண்ணாடிக் குழாய்களில் குமிழி ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. மர முகப்பில் சாக்பீஸால் தேதி, அதற்குப் பக்கத்தில் ஒரு எண். 1048, அதன் கீழே 1035, அதன் கீழே 1022. சாற்றில் இன்னும் எவ்வளவு சர்க்கரை மிச்சம் என்று ஹைட்ரோமீட்டர் காட்டுகிற எண்கள் அவை. 1000 பக்கம் வந்தால் எல்லாம் நொதித்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு எண்ணோடும் "நிரப்பியது" என்று ஆங்கிலத்தில் ஒரே சொல். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த அதே தேதிகளில் ஒரு மனிதர் இங்கே டார்ச் லைட்டோடு குனிந்து நின்று அளந்து எழுதியிருக்கிறார். அந்தத் தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன். ஆஸ்பத்திரியில் வராத அழுகை அங்கே வந்தது.

மூன்றாவது பீப்பாயில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அதில் ஏதோ சிறு வாசனை அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். அவர் கைக்கு அதைச் சரிசெய்யத் தெரியாதா? வண்டல் நீக்கி வேறு பீப்பாய்க்கு மாற்றியிருக்கலாம், கந்தக மருந்து போட்டிருக்கலாம். எதையும் செய்யவில்லை. வீட்டுக்காரர்கள் வந்து சுவைத்துப் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவைத்திருந்தார். நிரப்பினார், அளந்தார், எழுதினார், போய்விட்டார். இத்தனை வயதும் இத்தனை அனுபவமும் உள்ள ஒருவர் அடுத்தவர் தொழிலுக்கு இப்படி மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை.

எதைக் கொண்டு நிரப்பினார் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவரிடம் போய்க் கேட்டதற்கு, "கொஞ்சம் மிச்சம் இருந்தது" என்று சொல்லிவிட்டு இவருடைய உடம்பைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். பிற்பாடு இன்னொரு சைடர்க்காரர் சொல்லித்தான் தெரிந்தது. அது அவருடைய கிங்ஸ்டன் பிளாக்.

கிங்ஸ்டன் பிளாக் என்றால் என்ன என்று இங்கே உள்ளவர்களுக்கு விளக்க வேண்டாம், தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். பெரும்பாலான சைடர், பல வகைப் பழங்களைக் கலந்தால்தான் சரியாக வரும். புளிப்பு, துவர்ப்பு, இனிப்பு மூன்றும் ஒரே பழத்தில் அளவோடு சேர்ந்திருப்பது அபூர்வம். அப்படிச் சேர்ந்த ஒன்று கிங்ஸ்டன் பிளாக். சாமர்செட்டிலிருந்து வந்த வகை. ஆனால் மரம் எளிதில் நோய்ப்படும், காய்ப்பும் குறைவு. அவரிடம் இருப்பவை சில கிழட்டு மரங்கள். அவற்றின் பழம் மட்டும் பிழிந்து ஒரே ஒரு பீப்பாய் வைத்திருந்தார். மே மாதம் புட்லி கிராமத்தில் நடக்கும் சைடர், பெர்ரி (பேரிக்காய்ச் சாற்றில் செய்வது) போட்டிக்கு அதைக் கொண்டுபோக இருந்தார். எங்கள் பீப்பாய்கள் இறங்க இறங்க, அதிலிருந்து குடம் குடமாக எடுத்து வந்து ஊற்றியிருக்கிறார். அப்படி எடுத்தால் அவருடைய பீப்பாயில் காற்று புகும் என்பது அவருக்குத் தெரியாததா? மீந்ததைச் சின்னக் கண்ணாடி ஜாடிகளுக்கு மாற்றிவிட்டாராம்.

இதையெல்லாம் செய்தவர் எங்களோடு அதே சாலையில், அதே வாடிக்கையாளர்களுக்கு, அவருடைய தோட்ட வாசலில் சைடர் விற்கிறவர். ஹெரிஃபோர்டில் 1887 முதல் புல்மர்ஸ் சைடர் கம்பெனி இருக்கிறது, மச் மார்க்கலில் 1880 முதல் வெஸ்டன்ஸ் இருக்கிறது. இந்த மாவட்டத்தின் ஆப்பிளில் பெரும்பகுதி பெரிய ஆலைகளுக்குத்தான் போகிறது. எங்களைப் போல் ஆண்டுக்கு 7,000 லிட்டருக்குள் செய்து, அதனால் வரி விலக்கோடு பிழைக்கிறவர்கள் ஒரு ஓரம். அந்த ஓரத்தில் நிற்கிற இருவரில் ஒருவர் விழுந்தால் மற்றவருக்கு ஒன்றிரண்டு வாடிக்கையாளர் கூடுவார்கள் என்றுதான் உலகம் கணக்குப் போடும். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியவே தெரியாது.

அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு ஒரு பதற்றமும் வருகிறது. பிரிஸ்டல் பக்கத்தில் லாங் ஆஷ்டன் என்ற ஊரில் சைடருக்கென்றே 1903இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். பழங்களைப் புளிப்பு, துவர்ப்பு என்று வகை பிரித்தது, நல்ல ரகங்களைப் பரப்பியது, எல்லாம் அங்கேதான். 2003இல் அதை மூடிவிட்டார்கள். எழுதி வைத்தது இருக்கும். எந்த மேட்டில் பனி முதலில் இறங்கும், எந்த மரத்தின் பழத்தை ஒரு வாரம் கூடுதலாகக் குவியலில் விட வேண்டும், பீப்பாயைத் தட்டினால் எந்தச் சத்தத்துக்கு நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் இந்தப் பெரியவரைப் போன்றவர்களிடம்தான் இருக்கிறது. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லோரும் நகரத்தில்.

அதனால் இவரும் நானும் பேசி முடிவு செய்தது இது. இந்த மாதமே, மரம் தூங்குகிறபோதே, அவருடைய கிழட்டு மரங்களிலிருந்து ஒட்டுக்குச்சி வெட்டிக் குளிர்ந்த இடத்தில் வைக்கப் போகிறோம். மார்ச்சில் ஒட்டுக் கட்டுவோம். அவருடைய தோப்பில் செத்துப்போன மரங்களின் இடத்தில் பாதி, எங்கள் வேலியோரம் பாதி. காய்க்கச் சில ஆண்டு ஆகும், பரவாயில்லை. வருகிற அக்டோபரில் எங்கள் பழத்தில் கை வைப்பதற்கு முன் அவருடைய பழத்தைப் பொறுக்கிப் பிழிந்து கொடுப்போம். அவர் வேண்டாம் என்பார். கேட்கப்போவதில்லை. இந்த ஆண்டுச் சைடரில் அவருடைய தோப்பும் கலந்திருக்கிறது. பெயர் போடத்தானே கூடாது, புட்டியில் "இரண்டு தோப்புகளின் சைடர்" என்று அச்சடிக்க அனுமதி வாங்கிவிட்டேன்.

மூன்றாவது பீப்பாயைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: சுவைத்துப் பார்த்தோம். வண்டல் வாசனைதான், மாற்றிவிட்டோம், தெளிகிறது.

கடைசியாக ஓர் அழைப்பு. ஜனவரி 17, பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸிலிருந்து எண்ணுகிற பன்னிரண்டாம் இரவு. இங்கே அன்று தோப்புக்குப் போய் வயதான மரத்தின் வேரில் சைடர் ஊற்றி, கிளையில் ரொட்டித் துண்டு வைத்து, பாட்டுப் பாடி, தட்டுமுட்டுகளைத் தட்டிச் சத்தம் எழுப்பி மரங்களை வாழ்த்துவார்கள். வாசெய்ல் என்பார்கள். இந்த முறை அதை அவருடைய தோப்பில், அந்தக் கிங்ஸ்டன் பிளாக் மரத்தடியில் வைத்திருக்கிறோம். பொறுக்க வந்த எல்லோரும் வாருங்கள், பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். தட்டுவதற்கு ஆளுக்கு ஒரு பழைய பாத்திரம், சேறு தாங்குகிற பூட்ஸ், தடித்த ஸ்வெட்டர் கொண்டு வந்தால் போதும். சாப்பாடு எங்கள் வீட்டில். எத்தனை பேர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், அரிசி ஊறப்போட வேண்டும்.