குறுவை அறுப்புக்கு முன் எங்களுக்கு ஒரு தளம் வேண்டும்

மதிப்புக்குரிய எங்கள் ஊர் நகராட்சித் தலைவருக்கும் கவுன்சிலர்களுக்கும்,

வணக்கம். கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், மனு எழுதிக் கொடுப்பதும் என் பிழைப்புதான். மனு எந்த மேசையில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று தெரிந்தவன் என்பதால் இந்தத் தடவை ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

என் அக்கா மகளுக்குப் பதினொரு வயது, காலில் சக்கரம் மாட்டிக்கொண்டு ஓடுகிற ஸ்கேட்டிங் பழகுகிறாள். அவளோடு இன்னும் பதினைந்து பிள்ளைகள். பயிற்சி எங்கே என்றால், ஊருக்கு வெளியே நெல் காயப்போடும் களத்தில். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து களம் காலியானதும் விளக்குமாறோடு போய்விடுவோம். எவ்வளவு கூட்டினாலும் சிமெண்ட் வெடிப்புக்குள் நாலு நெல் ஒளிந்துகொண்டிருக்கும், அதன் மேல் சக்கரம் ஏறினால் கோலிக்குண்டை மிதித்த மாதிரிதான். போன வாரம் வளைவில், வலது காலைத் தூக்கி இடது காலைத் தாண்டி வைக்கிற அந்த நொடியில் வழுக்கி, உள்ளங்கையில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் போய்விட்டது. அவள் அழவில்லை. அப்படியே உட்கார்ந்து ஊக்கு ஒன்றை வாங்கி, சக்கரத்துக்கு நடுவில் சிக்கியிருந்த உமியை நோண்டி எடுத்துவிட்டு, "மாமா, இது குறுவையா சம்பாவா?" என்று கேட்டாள்.

நெல்லோடு எங்களுக்குச் சண்டை கிடையாது. ஈரப்பதம் கூடிவிட்டால் கொள்முதல் நிலையத்தில் மூட்டையைத் தொடமாட்டார்கள், இடமில்லாமல் தார்ரோட்டிலேயே காயப்போடுகிறார்கள் சம்சாரிகள். களம் அவர்களுடையது, நாங்கள்தான் ஒண்டிக் குடித்தனம்.

இதைச் சொல்ல வந்தபோது உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், "பனி பெய்யுற ஊர்ல ஆடுற ஆட்டம்பா இது, நம்ம வெயிலுக்கு எதுக்கு?" என்று கேட்டார். அவருக்காகத்தான் இந்தக் கதை.

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒக்காலா என்று ஓர் ஊர். குதிரைப் பண்ணைகளுக்குப் பேர்போனது, நல்ல வெயில், பனிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எரின் ஜாக்சன் அங்கே வளர்ந்த பெண். சின்ன வயதிலிருந்து நம் பிள்ளைகள் மாதிரி சக்கர ஸ்கேட்டிங்தான். ஆனால் சக்கர ஸ்கேட்டிங் ஒலிம்பிக்கில் கிடையாது, அதனால் இருபதுகளின் நடுவில் பனித்தளத்துக்கு மாறினார். சில மாதப் பழக்கத்திலேயே 2018 பியோங்சாங் ஒலிம்பிக் போய் 500 மீட்டரில் 24ஆவது இடம். நாலு வருஷம் கழித்து 2022 பெய்ஜிங்கில் அதே 500 மீட்டரில் 37.04 வினாடி, தங்கம். குளிர்கால ஒலிம்பிக்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். இரண்டாவது வந்த ஜப்பான் வீராங்கனை மிஹோ தகாகிக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.08 வினாடி. கண் இமைக்கிற நேரம்கூட இல்லை, எங்கள் களத்தில் ஒரு வெடிப்பைத் தாண்டவே அதைவிட அதிகம் ஆகும்.

அந்த ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டியில் எரின் தடுமாறி மூன்றாவது வந்து, இடம் கைநழுவிப் போயிருந்தது. முதலாவதாக வந்த பிரிட்டனி போவ் தன் இடத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். போவும் அதே ஒக்காலாதான்! இன்னொரு ஒலிம்பிக் வீரர் ஜோயி மான்டியாவும் அங்கேதான். மூன்று பேருக்கும் சின்ன வயதில் சக்கர ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுத்தவர் ஒரே பயிற்சியாளர், ரெனே ஹில்டபிரான்ட். பனியே இல்லாத ஒரே ஊர், ஒரே வாத்தியார். இதற்கு மேல் வெயிலைப் பற்றிப் பேசுவீர்களா?

சரி, அமெரிக்கா தூரம். நம் தமிழ்நாட்டுச் சக்கர ஸ்கேட்டிங் வீரர் ஆனந்த்குமார் வேல்குமார் 2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டுப் போட்டியில் 1000 மீட்டரில் வெண்கலம் வாங்கினார். அடுத்த மாதமே சீனாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 500 மீட்டரில் வெண்கலம், 1000 மீட்டரில் தங்கம், அப்புறம் 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம். வேகத்துக்கு ஒன்று, மூச்சுக்கு ஒன்று, இரண்டையும் ஒரே ஆள் அடிப்பது சாதாரணமில்லை. அன்றைக்கு வார்டு வாட்ஸாப் குழுவில் வாழ்த்துப் படம் போடாத கவுன்சிலர் யார் என்று தேடிப் பார்த்தேன், ஒருவரும் இல்லை.

அவர்கள் ஓடுகிற மாதிரி ஓரம் உயர்த்திய 200 மீட்டர் தளத்தை இப்போது கேட்கவில்லை, அதன் செலவு எனக்கும் தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாரச்சந்தைக்கென்று போட்டு, சந்தை வராமலே போன சிமெண்ட் தளம் ஒன்று இருக்கிறதே, இப்போது சுற்றுலா வேன்கள் நிற்கிற இடம், அதைத்தான் கேட்கிறோம். வெடிப்புகளைப் பூசி, மேடுபள்ளத்தைத் தேய்த்து, மழைத்தண்ணீர் வடிய ஓர் ஓரத்தில் வாட்டம் கொடுத்தால் போதும். மலையும் மேடும் இல்லாத காவிரிக்கரை ஊரில் சமதரை கேட்டு மனு எழுதுவது எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. காலையில் இரண்டு மணி நேரம் எங்களுக்கு, மீதி நேரம் வேன்கள் நிற்கட்டும். ஆயில் சிந்தாமல் நிறுத்தச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

புரட்டாசியில் குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் களம் நெல்லுக்குப் போய்விடும், பிள்ளைகள் மறுபடி வீட்டு மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 6 மணிக்கு யாராவது ஒருவர் களத்துக்கு வந்து பாருங்கள். விளக்குமாறு எங்களிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
கடைத்தெரு ஜெராக்ஸ் கடைக்காரன்