அந்த வீடியோவில் வராத ஷாங்காய்

அன்புள்ள கார்த்தி,

நீ அனுப்பிய ஷாங்காய் வீடியோக்களை அப்பாவும் நானும் பார்த்தோம். காந்த விசையில் மிதந்து ஓடும் மாக்லெவ் ரயிலையும் ஆற்றங்கரைக் கட்டடங்களையும் காட்டி, "நம் ஊர் எப்போதம்மா இப்படி ஆகும்?" என்று கேட்டிருக்கிறாய். அதில் எதுவும் பொய்யில்லை கண்ணா. இங்கே ராத்திரி பத்து மணிக்கு நான் மெட்ரோவில் தனியாக வருகிறேன், அப்பா ஒரு போன்கூடப் பண்ணுவதில்லை.

ஆனால் நம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் கதை அந்த வீடியோவில் வராது. அவர் ஊர் அன்ஹுய் மாகாணம். புருஷன் இங்கே பார்சல் கொண்டுபோகிறார். மகன் ஒன்பதாம் வகுப்புவரை ஷாங்காயில்தான் படித்தான். அப்புறம் ஊருக்கு, தாத்தா பாட்டியிடம் போய்விட்டான். போகவேண்டியதாயிற்று.

காரணம் ஹுகோவ் என்கிற குடும்பப் பதிவு. 1958-இல் வந்த சட்டம். பதிவு எந்த ஊரில் இருக்கிறதோ, பள்ளி, மருத்துவம், ஓய்வூதியம் எல்லாம் பெரும்பாலும் அந்த ஊரை ஒட்டித்தான். வெளியூர்ப் பிள்ளை இங்கே காவ்காவ் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வை எழுத, பெற்றோரின் குடியிருப்பு அட்டையில் 120 புள்ளி சேரவேண்டும். பட்டம், கட்டிய சமூகக் காப்பீடு இவற்றுக்கெல்லாம் புள்ளி உண்டு. வீடு துடைப்பவருக்கு எங்கே சேரும்? சேராவிட்டால் பிள்ளைக்குத் தொழிற்பள்ளிதான். தேர்வெழுத ஊருக்குப் போனாலோ, அன்ஹுயில் வினாத்தாளே வேறு, போட்டியும் கடுமை. ஷாங்காய்ப் பல்கலைக்கழகங்களில் ஷாங்காய்ப் பிள்ளைகளுக்குத்தான் இடம் தாராளம்.

கிராமப் பதிவோடு விவசாயம் தவிர்த்த வேலைகளில் இருப்பவர்கள் ஏறக்குறைய 30 கோடிப் பேர். சின்ன நகரங்களில் விதியைத் தளர்த்திவிட்டார்கள். பெய்ஜிங், ஷாங்காய் போன்ற பெருநகரங்கள் அவ்வளவாக இறங்கி வரவில்லை. இதில் எனக்குக் கோபம் வருவது ஒன்றில்தான். 2015 வரை ஒரு பிள்ளை போதும் என்று கட்டாயப்படுத்திய அரசு, 2021-இல் மூன்று பெறலாம் என்றது. 2022-இலிருந்து மக்கள்தொகை குறைகிறது என்று இப்போது கவலைப்படுகிறது. அக்காவிடம் இதைச் சொன்னேன். "பெற்ற ஒன்றையே கூட வைத்துக்கொள்ள விடவில்லையே" என்று சிரித்தார்.

ஜூன் 7, தேர்வு நாள். நம் தெருப் பள்ளி வாசலில் அம்மாக்கள் ராசிக்காகச் சீபாவ் என்கிற சிவப்புச் சீன உடை உடுத்தி நின்றார்கள், பக்கத்துக் கட்டட வேலையைக்கூட நிறுத்தி வைத்தார்கள். அக்கா லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார். போகும் முன், "உங்கள் மகனும் பாட்டி வீட்டில்தானே படித்தான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உன்னை அங்கே விட்டது நாங்களாக எடுத்த முடிவு என்று சொல்ல வாய் வரவில்லை.

அக்கா மகனின் தேர்வு முடிவு மாதக் கடைசியில் வருமாம். வந்ததும் எழுதுகிறேன். பாட்டிக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிக் கொடு.

அன்புடன்,
அம்மா