பூஸ்டர் வாங்குமுன் வண்டியை விட்டு இறங்கிப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு ஆர்.வி. (படுக்கையும் சமையலறையும் உள்ள பயண வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வடக்கே போய் வந்த ஒரு சகோதரியின் கடிதத்தைச் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வாசித்தேன். காம்பிங் இடத்தில் வைஃபை இருக்கிறது என்று சொன்னார்களாம், ஃபோனிலும் கோடுகள் தெரிந்தனவாம், ஆனால் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவோடு வாட்ஸ்அப்பில் சேர்ந்தாற்போல் இரண்டு வசனம் பேச முடியவில்லையாம். அடுத்த பயணத்துக்கு முன் சிக்னலைக் கூட்டித் தரும் நல்ல பூஸ்டர் எது என்று வாசகர்களிடம் கேட்டிருந்தார்.

ரொறொன்ரோவின் அலுவலகக் கட்டடங்களுக்குள் நெட்வொர்க் கேபிள் இழுப்பதுதான் என் தொழிலாக இருந்தது. இளைப்பாறிய பிறகு நானும் மனைவியும் எங்கள் பழைய ஆர்.வி.யில் ஒன்ராறியோவின் வடக்குப் பக்கமாகத்தான் கோடையைக் கழிக்கிறோம். அந்தச் சகோதரி கேட்டதற்குக் கடையில் போய்க் கேட்டால் ஒரு பெட்டியை எடுத்து நீட்டுவார்கள். பணம் போகும், அம்மாவின் குரல் அப்போதும் அறுந்து அறுந்துதான் வரும். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் ஃபோனுக்கும் காம்பிங் இடத்தின் அன்ரனாவுக்கும் இடையில் இருப்பது வானொலி அலை. அந்த அன்ரனாவிலிருந்து வெளியுலகத்துக்குப் போவது வேறு இணைப்பு. பூஸ்டர் எதுவானாலும் முதலாவதில்தான் வேலை செய்யும். இரண்டாவதில் அதற்கு ஒரு பங்கும் இல்லை. நாட்டுப்புறத்தில் பல காம்பிங் இடங்களுக்கு இன்னமும் பழைய தொலைபேசிக் கம்பி வழியாகத்தான் இணையம் வருகிறது. 50 எம்பிபிஎஸ் பதிவிறக்கமும் 10 எம்பிபிஎஸ் பதிவேற்றமும் கனடாவில் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் ஆணையமான சி.ஆர்.டி.சி. 2016 டிசம்பரில் இலக்கு வைத்தது. அந்த இலக்கு எட்டாத ஊர்களில்தான் நாம் விரும்பிப் போகும் ஏரிக்கரைகள் பலவும் இருக்கின்றன. அந்த ஒற்றை இணைப்பை மாலையில் எல்லா வண்டிகளும் பங்குபோட்டுக்கொண்டு படம் பார்க்கின்றன.

இதைக் கண்டுபிடிக்கக் காசு எதுவும் தேவையில்லை. ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்துபோய், கூரையில் வெள்ளையாகத் தெரியும் அன்ரனாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு வேகச் சோதனை செய்யுங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் எந்த அன்ரனாவை வாங்கி மாட்டியும் பயன் இல்லை. அங்கே நன்றாக ஓடி, உங்கள் வண்டிக்குள் ஓடவில்லையென்றால்தான் அடுத்த கேள்விக்கு வரவேண்டும்.

இந்த இடத்தில் அம்மாவோடு பேசுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் ஒன்ராறியோவுக்கும் இலங்கைக்கும் ஒன்பதரை மணித்தியாலம் வித்தியாசம். நம்மவர்கள் வழக்கமாக இரவு 9 மணிக்கு எடுப்பார்கள், அங்கே விடிய 6.30. அது காம்பிங் இடத்தில் எல்லோரும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திவிட்டு இணையத்தில் இருக்கும் நேரம். காலை 7 மணிக்கு எடுத்துப் பாருங்கள். அங்கே பின்னேரம் 4.30, அம்மா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். இங்கே பக்கத்து வண்டிகள் எல்லாம் தூக்கத்தில். அதே இணைப்பு, அதே ஃபோன், ஆனால் பேச்சு அறுக்காது. வீடியோவை நிறுத்திக் குரலில் மட்டும் பேசினால் மிகக் குறைந்த வேகமே போதும்.

சரி, அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேகம் இருக்கிறது, வண்டிக்குள்தான் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போது நான் முதலில் சந்தேகப்படுவது வண்டியைத்தான். பல ஆர்.வி.க்களுக்கு வெளித்தோல் அலுமினியத் தகடு. ஃபைபர்கிளாஸ் உடம்பாக இருந்தாலும் உள்ளே அலுமினியச் சட்டமும் சிலவற்றில் வெள்ளித்தாள் ஒட்டிய வெப்பத்தடுப்பும் இருக்கும். போதாக்குறைக்கு, வெயில் தாங்காமல் யன்னல்களுக்கு அந்தப் பளபளக்கும் வெள்ளி மெத்தைத் தாளை நாமே வெட்டி ஒட்டுகிறோம். வானொலி அலை உலோகத்தைத் தாண்டாது. யன்னல் வழியாக வந்துகொண்டிருந்த கொஞ்சத்தையும் அந்தத் தாள் மறித்துவிடுகிறது.

இதை இலக்கத்தில் பார்த்தால்தான் மனதில் பதியும். ஆண்ட்ராய்ட் ஃபோனுக்கு வைஃபை அனலைசர் வகைச் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுட்டிலிட்டியை இறக்கி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் போதும். இரண்டிலும் சிக்னல் டிபிஎம் என்ற அளவில் மைனஸ் இலக்கமாகத் தெரியும். மைனஸ் 50 என்றால் மிக நல்லது, மைனஸ் 67 வரை பேச்சுக்கு வசதி, மைனஸ் 80ஐத் தாண்டினால் இணைப்பு இருப்பதுபோலத் தெரியும், ஆனால் ஒன்றும் நகராது. எங்கள் வண்டியின் சாப்பாட்டு மேசையில் இருந்து பார்த்தபோது மைனஸ் 84 காட்டிய இடத்தில், கதவைத் திறந்து படியால் இறங்கி நின்றதும் மைனஸ் 68 காட்டியது. 16 டெசிபெல் வித்தியாசம் என்றால் சக்தியில் ஏறக்குறைய 40 மடங்கு. அந்த 40 மடங்கையும் விழுங்கிக்கொண்டிருந்தது எங்கள் வண்டியின் சுவர்.

ஃபோனில் கோடுகள் நிறையத் தெரிந்தும் வேலை செய்யாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. காம்பிங் இடத்தின் அன்ரனா உயரத்தில் இருக்கிறது, சக்தியும் கூட. அது பேசுவது உங்களுக்குக் கேட்கும். உங்கள் ஃபோன் சின்னது, பற்றரியை மிச்சம் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசுகிறது. அது பேசுவது அங்கே கேட்காது. கோடுகள் காட்டுவது உங்களுக்குக் கேட்பதை மட்டுமே. ஆகவே நமக்குத் தேவையானது இரண்டு பக்கமும் உதவும் ஒன்று. நல்ல அன்ரனா அதைச் செய்யும். வாங்கும்போதும் அனுப்பும்போதும் ஒரே அளவு கை கொடுக்கும்.

கடைகளில் 'ரிப்பீட்டர்' என்று விற்கும், வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும், சுவர் பிளக்கில் குத்தும் பெட்டிகளை ஆர்.வி.க்குள் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. தகட்டுச் சுவருக்கு உள்ளே வைத்தால் அதற்குக் கிடைப்பதும் அதே மைனஸ் 84தான். கேட்காததைத் திருப்பிச் சொல்ல அதனால் முடியாது. மலிவானவை ஒரே ரேடியோவால் கேட்பதும் சொல்வதுமாக மாறி மாறி வேலை செய்வதால் வேகமும் ஏறக்குறையப் பாதியாகிவிடும்.

சொந்த வண்டி வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது, கேட்கும் கருவியையே வெளியே கொண்டுபோவது. வெளிப்புற சீபீஈ என்று ஒரு வகை இருக்கிறது, டிபி-லிங்க் சீபீஈ 210 போன்றவை. அன்ரனாவும் ரேடியோவும் மழை தாங்கும் ஒரே பிளாஸ்டிக் உடம்புக்குள் இருக்கும். அதை வண்டியின் பின் ஏணியில் ஒரு குழாய் கட்டி அதன் தலையில் மாட்டி, 'கிளையன்ட்' முறையில் (ஒரு ஃபோனைப்போல வைஃபையில் போய்ச் சேரும்படி) வைத்து, முகத்தைக் காம்பிங் இடத்தின் அன்ரனா பக்கம் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் பார்க்கும் அன்ரனா என்பதால் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்திய பிறகு திருப்பத்தான் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து இலக்கத்தை வாசிக்க, மற்றவர் வெளியே மெதுவாகத் திருப்பினால் ஐந்து நிமிட வேலை. எங்கள் வீட்டில் இலக்கம் வாசிப்பது மனைவி.

கம்பி விஷயத்தில் என் தொழில் புத்தி சொல்வதைக் கேளுங்கள். அன்ரனாவை மட்டும் கூரையில் வைத்து, ரேடியோவை உள்ளே வைத்து, இடையில் மெல்லிய கோஆக்சியல் வயர் (டீவி அன்ரனா வயர் போன்றது) இழுக்கும் செட்டுகளும் விற்கிறார்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அந்த மெல்லிய வயர் மீற்றருக்கு ஏறக்குறைய 1 டெசிபெல் தின்னும். 5 மீற்றர் இழுத்தால் அன்ரனா பிடித்ததில் மூன்றில் இரண்டு பங்கு வயருக்குள்ளேயே போய்விடும். சீபீஈ என்றால் வெளியிலிருந்து உள்ளே வருவது சாதாரண ஈதர்நெட் வயர். 100 மீற்றர் வரை அதில் ஒன்றும் குறையாது, மின்சாரமும் அதே வயரில் மேலே போகும். கூரையில் புதிதாக ஓட்டை போடவும் வேண்டாம். குளிர்சாதனப் பெட்டிக்காகக் கூரையில் ஏற்கெனவே இருக்கும் காற்றுத் திறப்பு வழியாக வயரை இறக்கலாம். வெயில் தாங்கும் வெளிப்புற வயராகப் பார்த்து வாங்குங்கள், உள்வேலை வயரின் தோல் வெளியில் கிடந்து வெடித்துவிடும்.

உள்ளே வரும் வயரை, வண்டிக்குள் உங்களுக்கென்று ஒரு வைஃபை தரும் சின்னப் பயண ரவுட்டரில் குத்த வேண்டும். அதற்கு உங்கள் வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே கொடுத்துவிட்டால் பிள்ளைகளின் டாப்லெட், உங்கள் ஃபோன் எல்லாம் எந்த ஊரில் நிறுத்தினாலும் தாமாகவே சேர்ந்துகொள்ளும். காம்பிங் இடத்தின் வைஃபையில் சேரும்போது திரையில் வரும் அனுமதிப் பக்கத்தில் ஒரு தடவை, ஒரு கருவியிலிருந்து நுழைந்தால் போதும். பக்கத்து வண்டிக்காரர் உங்கள் கருவிகளுக்குள் எட்டிப் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பும் கிடைக்கிறது.

வாடகை வண்டியில் ஏணியில் குழாய் கட்ட விடமாட்டார்கள். அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது இன்னும் எளிது. யுஎஸ்பியில் ஓடும் பயண ரவுட்டர் ஒன்றை வாங்கி, 'ரிப்பீட்டர்' முறையில் வைத்து, பவர் பேங்கோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போட்டு வெளியே பிக்னிக் மேசையில் வையுங்கள். மேலே நான் முக்கியமாகக் குறை சொன்னது சுவருக்கு உள்ளே வைப்பதைத்தான்; வேகம் பாதியானாலும் குரலில் பேசப் போதும். வெளியே வைத்தால் அது கேட்பது மைனஸ் 68. உலோக டப்பா மட்டும் வேண்டாம். மழை நாளில் அலுவலகப் பக்கம் பார்க்கும் யன்னலின் வெள்ளித் தாளைக் கழற்றிவிட்டு அந்த விளிம்பில் வைக்கலாம். வைஃபை பெயர்ப்பட்டியலில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையும் தெரிந்தால், தூரத்தில் நிற்கும்போது 2.4ஐத் தெரிவு செய்யுங்கள், அதுதான் மரங்களுக்கு இடையால் கூடுதலாக வரும். இலைகள் நனைந்திருந்தால் அதுவும் குறையும். மைக்ரோவேவ் ஓடும்போதும் 2.4 தடுமாறும், சோற்றைச் சூடாக்கிவிட்டு அம்மாவை எடுங்கள். இடம் பதிவு செய்யும்போதே அலுவலகத்திலிருந்து நேர்பார்வையில் இருக்கும் இடம் வேண்டும் என்று கேட்டால் இதில் பாதிக்கு வேலையே இல்லை.

வைஃபை பூஸ்டரையும் செல்ஃபோன் பூஸ்டரையும் ஒன்றாக நினைப்பவர்கள் நம்மில் பலர். செல்ஃபோன் பூஸ்டர் கோபுரத்தின் சிக்னலை வாங்கிப் பெருக்குவது, கனடாவில் ஐசெட் எனப்படும் புத்தாக்கம், அறிவியல், பொருளாதார வளர்ச்சி அமைச்சின் சான்று பெற்றதை மட்டுமே பயன்படுத்தலாம். இணையத்தில் மலிவாக வருகிறதே என்று சான்று இல்லாததை மாட்டினால் கோபுரத்துக்கே இடைஞ்சல், மற்றவர்களின் அவசர அழைப்பும் தடைப்படலாம். சான்று பெற்றதுகூட, கொஞ்சமாவது சிக்னல் இருக்கும் இடத்தில்தான் உதவும். வட ஒன்ராறியோவில் சூ செயின்ட் மரி நகரிலிருந்து வாவா ஊர் வரை 17ஆம் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 225 கிலோமீற்றர், சுப்பீரியர் ஏரியை ஒட்டி மலையும் காடுமாகப் போகும். அதில் நீண்ட பகுதிகளில் கோபுரமே எட்டாது. ஒன்றும் இல்லாததைப் பெருக்க எந்தக் கருவியாலும் முடியாது.

அந்தப் பாதையைப் பற்றித்தான் எனக்கு உண்மையான கவலை. நம் குடும்பங்கள் வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, ஃபோன் இருக்கிறது என்ற தைரியத்தில் புறப்படுகின்றன. ஐஃபோன் 14இலும் அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான மாடல்களிலும் செய்மதி வழியாக எழுத்துச் செய்தியில் அவசர உதவி கேட்கும் வசதி இருக்கிறது, கனடாவில் 2022 நவம்பரிலிருந்து வேலை செய்கிறது. வானம் திறந்த இடத்தில் நின்று, திரை காட்டும் பக்கம் ஃபோனைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். செட்டிங்ஸில் அதற்கு ஒரு ஒத்திகையும் உண்டு. புறப்படுமுன் வீட்டுக் கொல்லையில் நின்று, வண்டியில் வரும் பெரியவர்கள் உட்பட எல்லோரும் ஒருமுறை செய்து பழகுங்கள். வரைபடத்தையும் சூ செயின்ட் மரிக்கு முன்பே ஃபோனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

செய்மதியிலிருந்து நேரே இணையம் தரும் ஸ்டார்லிங்க் வாங்கினால் என்ன என்றும் கேட்பார்கள். மாதக்கணக்கில் ஓடுபவர்களுக்கு, வண்டியிலிருந்தே வேலை செய்பவர்களுக்கு நல்லது. அதன் தட்டுக்கு விரிந்த வானம் வேண்டும். நம் மாகாணப் பூங்காக்களில் பைன் மரங்களுக்கு அடியில் கிடைக்கும் நிழலான இடங்களில் தொடர்பு அறுந்து அறுந்துதான் வரும். சிறிய மினித் தட்டுக்கே 25 முதல் 40 வாட் வரை போகும், மின்சாரம் இல்லாத இடத்தில் இரவு முழுக்க விட்டால் காலையில் வண்டியின் பற்றரியைப் பார்த்துக் கவலைப்பட வேண்டிவரும். வருடத்தில் ஒரு வாரம் போகும் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வாடகைக்கு ஆர்.வி. கொடுக்கும் நம் தமிழ் வியாபாரிகளிடம் உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். சட்டி பானையும் கட்டில் விரிப்பும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள், பயண ரவுட்டர் ஒன்றையும் அமைத்துக் கொடுத்துவிடுங்கள். சாவி வாங்க வருபவருக்கு அதைப் பிக்னிக் மேசையில் எப்படி வைப்பது என்று காட்டப் பத்து நிமிடம் போதும். வின்னிபெக்குக்கு அப்பால், ராக்கி மலைப் பக்கம் ஆர்.வி.யில் போய் வந்த வாசகர்கள் அங்கே காம்பிங் இடங்களில் இணைப்பு எப்படி இருந்தது, எந்த ஊருக்குப் பிறகு ஃபோன் எடுக்கவில்லை என்று எழுதினால் அடுத்த கோடைக்கு அந்தப் பக்கம் புறப்படும் எங்களுக்கும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
இளைப்பாறிய கேபிள் தொழிலாளி ஒருவர்
ஸ்காபுறோ, ஒன்ராறியோ