விளம்பரத்தைத் தொட்டவர் வந்து சேரும் பக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணைய விளம்பரம் பற்றி நிறைய எழுதப்படுகிறது. அதைத் தொட்டவர் வந்து சேரும் ‘லேண்டிங் பேஜ்’ பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. வந்தவர் தங்குவதும் திரும்பிப் போவதும் அங்கேதான் முடிவாகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

இத்தகைய பக்கங்கள் பலவற்றின் குறை அழகில் இல்லை. விளம்பரம் ஒன்று சொல்ல, பக்கம் வேறொன்றைக் காட்டுவதில் இருக்கிறது. இலவசப் பயிற்சி வகுப்பு என்ற அறிவிப்பைப் பார்த்து வருபவரை நிறுவனத்தின் வரலாறும் விருதுகளும் நிறைந்த முகப்புப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டால், அவர் வகுப்பைத் தேடிக்கொண்டு நிற்க மாட்டார். அறிவிப்பில் கண்ட அதே சொற்கள் தலைப்பாக அமைந்து, வகுப்பு யாருக்கானது, எவ்வளவு நேரம், எதைக் கற்கலாம் என்பவை அடுத்த இரண்டு வரிகளில் விளங்கி, பதிவுக்கான பொத்தானும் திரையை நகர்த்தாமலே கண்ணில் பட வேண்டும். கேட்பது ஒரே ஒரு செயலாக இருக்கட்டும்.

அந்தப் பொத்தானில் எழுதும் சொல்லுக்கு நாம் நினைப்பதைவிட வலிமை அதிகம். பராக் ஒபாமாவின் தேர்தல் பிரசாரக் குழு 2007 டிசம்பரில் தன் இணையதளத்தில் 4 பொத்தான்களையும், படங்களும் காணொளிகளுமாக 6 காட்சிகளையும் மாற்றி மாற்றி இணைத்து, 24 வடிவங்களை வருகையாளர்களிடம் சோதித்தது. குழுவினர் காணொளியையே பெரிதும் நம்பியிருந்தனர். வென்றதோ குடும்பப் படமும் ‘மேலும் அறிக’ என்ற பொத்தானும். பதிவு செய்தோர் விகிதம் 8.26 சதவீதத்திலிருந்து 11.6 சதவீதமாக உயர்ந்தது. இதே சொல் எல்லாப் பக்கங்களிலும் வெல்லும் என்று கொள்ளக் கூடாது. வடிவமைப்பாளரின் ரசனையையோ உரிமையாளரின் விருப்பத்தையோ நம்பாமல், வருபவர்களிடமே இரண்டு வடிவங்களைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்பதே நாம் கொள்ள வேண்டியது.

படிவத்தில் தேவைக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது. மின்னஞ்சலில் பாடக்குறிப்பு அனுப்புவதற்குக் கைப்பேசி எண் எதற்கு? அந்த ஒரு கட்டத்தைக் கண்டதுமே, இனி ஓயாமல் அழைப்பு வரும் என்று அஞ்சி விலகுவோர் உண்டு. வேகமும் அவ்வாறே முக்கியம்: பக்கம் திறந்ததும் திரையில் காணும் மிகப் பெரிய படமோ எழுத்துத் தொகுதியோ 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வகுத்துள்ள அளவுகோல்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. பக்கத்தை மறுபடி திறந்தால் முதலிலிருந்து ஓடத் தொடங்கும் ‘சலுகை முடியும் நேரம்’, முன்கூட்டியே குறியிடப்பட்ட சம்மதக் கட்டம், மறுப்பவரைக் குற்றவாளியாக்கும் வாசகம் ஆகியவற்றை வற்புறுத்தும் கலை என்று சிலர் கற்பிக்கிறார்கள். இணைய வடிவமைப்பு வல்லுநர் ஹாரி பிரிக்னல் 2010-இல் இத்தகைய ஏமாற்று உத்திகளுக்கு ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டார். இவற்றால் கிடைப்பது சம்மதம் அல்ல. ஏமாந்தவரின் ஒரு சொடுக்கு மட்டுமே. இணைய விளம்பரம் கற்பிக்கும் பயிற்சி நிறுவனங்கள் இவற்றைத் தங்கள் பாடங்களிலிருந்து நீக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்