மெஷினைத் திருப்பிக் கேட்ட அக்காவுக்கு

அக்கா,

தையல் மெஷினைத் தர மாட்டேன். நீ கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். அது என் வீட்டுக்கு வந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம் ஆகிறது, இனியும் இழுக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். போனில் சொன்னால் பாதியிலேயே மறித்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். யார் வாங்கியது, அம்மா யாருக்கு என்று சொன்னாள் என்பதெல்லாம் நமக்குள் இருக்கட்டும். இதை மற்றவர்களும் படிப்பார்கள்.

அந்த நீலக் கேன்வாஸ் பை மட்டும் மனதை விட்டுப் போகவே இல்லை. கைப்பிடியைப் பையின் வாயோரத்தில் வைத்து, குறுக்கே ஒரு தையல் ஓட்டி, பெருமையாக உன்னிடம் நீட்டினேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. பிரிக்கும் கருவியை எடுத்து, யாரிடமோ போனில் பேசிக்கொண்டே, ஒவ்வொரு கண்ணாக அறுத்தாய். பிறகு நீயே உட்கார்ந்தாய். கைப்பிடி நுனியில் ஒரு சதுரம், அதற்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடு. ஒவ்வொரு திருப்பத்திலும் ஊசியைத் துணிக்குள்ளேயே நிறுத்தி, துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டை மட்டும் தூக்கித் துணியைத் திருப்பினாய். நூலை ஓரிடத்திலும் வெட்டவில்லை. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது.

இரண்டாவது கைப்பிடியையும் நீயே தைத்தாய் பார், அதுதான் இன்னும் ஆறவில்லை. முதலாவது சரி, சொல்லிக்கொடுக்க. இரண்டாவதையாவது என்னிடம் விட்டிருக்கக் கூடாதா?

ஒற்றைத் தையலில் மொத்தக் கனமும் அந்த ஒரு கோட்டிலேயே தொங்கும், சதுரமாகத் தைத்தால் கனம் பரவும். இவ்வளவுதான் விஷயம். ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். பை வெளுத்துவிட்டது, உன் சதுரங்களில் ஒரு நூல்கூட விடவில்லை. புதிதாகச் செய்யும் பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் புவி வெப்பமாதல் கணக்கில் ஒருமுறை தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பையை முந்தும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. கைப்பிடி பிய்ந்தால் அந்தக் கணக்கு எங்கே தேறும்? ஆக, நீ செய்ததுதான் சரி. சரியாக இருப்பது உனக்கு எப்போதுமே சுலபம்.

நீ பக்கத்தில் இல்லாமல்தான் மற்றதெல்லாம் கற்றேன். துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சிக்கும்போது எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டுவோம். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான். ஃபுட் இறங்கியிருக்கும்போது நூல் கோத்தால் மேல்நூலை இழுத்துப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகியே இருக்கும், நூல் அவற்றுக்கு நடுவே உட்காராது. ஃபுட்டைத் தூக்கிவிட்டுக் கோக்க வேண்டும். கைப்பிடி சேரும் இடத்தில் கேன்வாஸ் பல மடிப்பாகத் தடிக்கும், அங்கே தடித்த 16ஆம் எண் ஊசி போட்டு, கைச்சக்கரத்தை மெதுவாகச் சுற்றித் தைக்கிறேன். சுருங்கும் துணியை முதலில் துவைத்து, இஸ்திரி போட்டுவிட்டுத்தான் வெட்டுகிறேன். அடிமூலையை முக்கோணமாக மடித்துக் குறுக்கே 10 செ.மீ. நீளத்துக்குத் தைத்தால் பைக்கு 10 செ.மீ. அகலத்தில் அடிப்பாகம் கிடைக்கும் என்று பிடிபட்ட அன்று உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது. போனை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

நீ போன முறை வந்தபோது மெஷின் மேல் போர்வையைப் போட்டு மூடியிருந்தேன். கவனித்திருப்பாய். அதற்கு மன்னித்துக்கொள். ஆனால் திறந்து வைத்திருந்தால் நீ வந்து உட்கார்ந்திருப்பாய், பாதியில் நின்ற பை முடிந்திருக்கும், அது உன் பை ஆகியிருக்கும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

கோபப்படு, பரவாயில்லை. உன் கைக்கு இன்னொரு மெஷின் ஒரே நாளில் பழகிவிடும், எனக்கு இது ஒன்றுதான் பழகியிருக்கிறது. அப்புறம், இதோடு வந்திருக்க வேண்டிய பாபின் டப்பா இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. அதையும் அனுப்பிவிடு.