வாசலோடு திருப்பி அனுப்பிய கணினி

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமை ஆகிறது. இம்முறை தாமதத்துக்குக் காரணம் என் சோம்பல் அல்ல. கணினி என்னை வீட்டுக்குள்ளேயே விடவில்லை.

இங்கே கச்சான் காற்று நெருப்பாய் வீசுகிறது. டச்பே கடல் மட்டும் குளம்போல் அடங்கிக் கிடக்கிறது. வாசலில் வைத்த வாழைக்கன்றை மறுபடியும் மான் தின்றுவிட்டது. கோட்டைக்குள் நின்ற மான்கள் தெருவெல்லாம் மாடுகளைப்போல் திரிகின்றன. விரட்டினால் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்க்கின்றன.

சரி, கணினிக் கதைக்கு வருகிறேன். என்னுடையது பழைய பெட்டி, அதில் ஓடும் இயங்குதளம் லினக்ஸ் மிண்ட் 19. வாசிகசாலையின் நூல் பட்டியல் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஒரு மாலை கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரை ஒரு கணம் கறுத்தது, பிறகு அதே நுழைவுப் பக்கம். மறுபடியும் கொடுத்தேன், மறுபடியும் அதே பக்கம். கடவுச்சொல் பிழையென்றால் அது முகத்துக்கு நேரே சொல்லிவிடும். இது எதுவும் சொல்லாமல் படலை வரை கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பியது.

முதல் நாள்தான் புதுப்பித்தல் செய்திருந்தேன். எனவே பழியை உடனே, திரையில் படம் காட்டும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவர்மேல் போட்டேன். கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தியபடி எஃப்1 தட்டினால் வெறும் எழுத்துத் திரை வருமல்லவா? வந்தது. அங்கே அதே கடவுச்சொல் வேலை செய்தது. திரையை எழுப்பும் எக்ஸ்ஆர்க் சர்வரின் பதிவுக் கோப்பைத் திறந்து, பிழைக்கு அடையாளமான இரட்டை ஆங்கில 'ஈ' எழுத்தைத் தேடினேன். பொருட்படுத்தும்படி ஒன்றுமில்லை. அந்தச் சர்வர் ஒழுங்காகத்தான் எழும்பியிருக்கிறது. விழுந்தது அதற்குப் பிறகு. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். பொறுமை போய், நிர்வாகி அதிகாரத்தோடு மேசைத்திரையைத் திறக்கும் 'சூடோ ஸ்டார்ட்எக்ஸ்' கட்டளையைத் தட்டினேன். மேசைத்திரை அழகாய் விரிந்தது! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்தேன். வெளியேறி வழமைபோல் நுழையப் பார்த்தால், பழைய குருடி கதவைத் திறடி.

இரண்டு மாலைகள் இப்படியே போயின. மூன்றாம் நாள்தான் வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தேன். 100 வீதம் நிரம்பி, மிச்சம் பூச்சியம். நுழையும்போது என் வீட்டு அடைவில், திரையைத் திறக்க அனுமதி தரும் 'எக்ஸ் அதாரிட்டி' என்ற சின்னக் கோப்பை எழுதவேண்டும், அதற்கே இடமில்லை. பிழைகளைக் குறிக்கும் கோப்பைத் திறந்தால் அதுவும் வெறுமை. பிழையை எழுதவும் இடமில்லாமல் போயிருக்கிறது, பாவம். அப்படியென்றால் சூடோவுக்கு மட்டும் எப்படித் திறந்தது என்று கேட்பாய். ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை வழமையாக 5 வீத இடத்தை ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கி வைக்கும். என் 120 கிகாபைட் வட்டில் அது கிட்டத்தட்ட 6 கிகாபைட். குடிமக்களுக்கு இடமில்லாத வேளையிலும் அரசனுக்கு அறை உண்டு. அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டுதான் வீடு சரியாகிவிட்டது என்று நான் துள்ளியிருக்கிறேன்.

வட்டை நிரப்பியது எது தெரியுமா? கணினியின் நிலையைப் பிரதி எடுத்துவைக்கும் டைம்ஷிஃப்ட் செயலி. ஆபத்துக்கு உதவட்டும் என்று நானே நாளாந்தப் பிரதிகளை வைத்த இடம் அதே வட்டுப் பிரிவு. பழையவற்றை அழித்தேன், 30 கிகாபைட் திரும்பக் கிடைத்தது. முடிந்தது என்று நினைத்து நுழைந்தால் மறுபடியும் வாசலோடு! இம்முறை குற்றவாளி நான். சூடோ போட்டு மேசைத்திரையைத் திறந்த அன்று, எக்ஸ் அதாரிட்டி கோப்பு ரூட்டின் பெயருக்கு மாறிவிட்டது. என் வீட்டுத் திறப்பு, ஆனால் உரிமை வேறு ஆளுக்கு. கோப்பை அழித்தேன், அடுத்த முறை நுழைந்தபோது அது என் பெயரிலேயே புதிதாகப் பிறந்தது. பட்டியலும் ஒரு வரி குறையாமல் இருந்தது.

உன் மகனின் மடிக்கணினி வேறு நோய். நுழைவுப் பக்கமே வராமல் கறுப்பாய் நிற்கிறது என்றாய், அதில் என்விடியா கிராஃபிக்ஸ் அட்டை வேறு. முதலில் எழுத்துத் திரை வருகிறதா என்று பார். அதுவும் வராவிட்டால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் என்ற தெரிவுப் பட்டியலில் ஆங்கில 'ஈ' விசையைத் தட்டி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து எஃப்10 கொடு. படம் பெரிதாக, அவலட்சணமாக வரும், பரவாயில்லை. அது அந்த ஒரு முறைக்குத்தான். உள்ளே போனதும் உரிய டிரைவரை நிறுவிவிடு. பயாசில் செக்யூர் பூட் இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள். கையொப்பமில்லாத டிரைவரை அது உள்ளே விடாது. அவன் எதைத் தட்டினாலும் தட்டட்டும், சூடோவை மட்டும் கையில் கொடுத்துவிடாதே.

ஆடி அமாவாசைக்கு வருவதாகச் சொன்னாயே, வருகிறாயா? வந்தால் கோணேசர் கோயிலுக்கு விடியவே நடந்து போகலாம், வெயில் ஏறினால் மலையில் நிற்க முடியாது. யாழ்ப்பாணத்துப் பனங்கட்டி ஒரு குட்டான் கொண்டுவா. வாழைக்கன்று கொண்டுவராதே, மானுக்குத்தான் போகும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்
திருகோணமலை