"மேற்றன் வருகிறா!"

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

உன்னைத் தாதிய முகாமையாளராக நியமித்திருக்கிறார்கள் என்றும், வாரம் ஒருமுறை விடுதிகளைச் சுற்றிவந்து ஊழியர்களின் பாதுகாப்பைப் பற்றி அவர்களுடனேயே கதைப்பது உன் கடமைகளில் ஒன்று என்றும் நீ சொன்ன நாள் முதல், இங்கே மருத்துவமனையில் மேற்றனாக, அதாவது தாதியரின் தலைவியாக, நான் நடந்த சுற்றுகள்தான் நினைவில் வந்துகொண்டிருக்கின்றன.

"மேற்றன் வருகிறா" என்ற செய்தி, நான் விறாந்தையில் கால் வைப்பதற்கு முன்பே விடுதிக்குப் போய்விடும். கட்டில் விரிப்புகள் இழுத்துவிடப்படும். பாவித்த ஊசிகள் நிரம்பி வழியும் பெட்டி எங்கேயோ ஒளிக்கப்படும். விடுதி பளிச்சென்று இருந்தால் எனக்கும் திருப்திதான். அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன், குப்பைப் பையைத் தூக்கிச் சென்ற சிற்றூழியர் ஒருவரின் தொடையில், யாரோ பெட்டியில் போடாமல் விட்ட ஊசி குத்தியது. ஐந்தாம் நாள்தான் அவர் வாய் திறந்தார், அதுவும் தேநீர்க்கடையில். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும் என்பதும், தடுப்பூசி போடாதவருக்கு ஹெப்பற்றைற்றிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம் என்பதும் எனக்கு மனப்பாடம். அவருக்கு மனப்பாடமாக இருந்தது வேறொன்று: சொன்னால் ஏச்சு விழும். நல்லவேளையாக, பிந்திய பரிசோதனைகளில் தொற்று எதுவும் காணப்படவில்லை. ஆனால் அந்த ஐந்து நாட்களுக்குள் நான் இரண்டு முறை அவரைக் கடந்து போயிருந்தேன்.

பொஸ்டனில் அலன் பிராங்கல் என்ற வைத்தியரும் அவருடன் வேலை செய்தோரும் 2003 இல் எழுதிய சுற்று முறையை நீ தொலைபேசியில் விளக்கினாய். அது நோயாளியின் பாதுகாப்பை நினைத்து உருவானது. ஊழியரின் பாதுகாப்புக்கும் அப்படியே பொருந்தும். யார் பிழை விட்டது என்று தேடாமல், எது உங்களைக் காயப்படுத்தப் பார்த்தது, எது வேலையை இடறியது என்று கேட்பது எனக்குப் பிடித்திருந்தது. நாங்கள் கேட்டதெல்லாம் "ஏன் இது இங்கே கிடக்கிறது?" என்பதுதான்.

பகலில் மட்டும் போகாதே, பிள்ளை. நோயாளியைத் தனியாகப் புரட்டி இடுப்பைப் பிடித்துக்கொள்ளும் தாதியையும், குடித்துவிட்டு வரும் உறவினரை வாசலில் சமாளிக்கும் காவலாளியையும் இரவில்தான் காணலாம். கையில் படிவத்தோடு போனால் பரிசோதனைக்கு வந்தவள் என்றே நினைப்பார்கள். திருத்த வேலைப் பகுதியிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போ. எரியாத மின்குமிழை அன்றைக்கே மாற்றினால், அடுத்த வாரம் பெரிய குறையைச் சொல்வார்கள். செய்ய முடியாததென்றால் அதையும் காரணத்தோடு போய்ச் சொல். கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது, கேளாமல் விடுவதிலும் மோசம்; ஒருமுறை அப்படி நடந்தால் இரண்டாம் முறை எல்லோரும் "ஒரு பிரச்சினையும் இல்லை, மிஸ்" என்பார்கள்.

1848 இல் இங்கே மானிப்பாயில் மருத்துவமனை தொடங்கிய அமெரிக்க மிஷனரி கிறீன் வைத்தியர், பிறகு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உன் மருத்துவமனையிலும் மொழி ஒரு தடைதான்: துப்புரவு செய்யும் பெண்கள் பலருக்கு ஆங்கிலம் ஓடாது என்றாய். அவர்களுடைய மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள். ஊசி முதலில் குத்துவது அவர்களுக்குத்தான்.

முதற் சுற்று முடிந்ததும், அவர்களில் ஒருத்தியாவது என்ன சொன்னாள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா